டக்கர் என்ற பெயரும் வெல்லிங்டன் சிப்பாயும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பாட்டியின் தாத்தா ஓர் ஆங்கிலேயர். அவருடைய குடும்பப்பெயர் டக்கர். வெல்லிங்டனில் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பிறகு குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கண்டக்டராக வேலை பார்த்து, 1889-இல் இறந்தார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவர் பெரிய துரை, இங்கிலாந்தில் பிரபுக் குடும்பம் என்பது என் பெரியம்மாவின் உறுதியான நம்பிக்கை. எங்களிடம் மிஞ்சியிருப்பது அவருடைய பைபிள் மட்டுமே. அதன் முதல் தாளில் அவர் பெயரும் நான்கு பிள்ளைகளின் பிறந்த தேதிகளும் எழுதப்பட்டுள்ளன. அவர் பிறந்த ஊரையும், டக்கர் என்ற பெயர் வந்த வழியையும் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, குன்னூர்

பதில்: முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் பெரியம்மாவின் மனம் நோகாதபடி முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த மலையில் வெள்ளைக்காரர் எல்லோருமே துரைதான். கலெக்டரும் துரை, தோட்ட முதலாளியும் துரை, அந்தத் தோட்டத்தில் பேரேடு எழுதியவரும் துரை. அந்தச் சொல் நம்மவர்கள் அவருக்குக் கொடுத்த மரியாதையே தவிர, அவர் ஊரில் அவருக்கு இருந்த அந்தஸ்து அல்ல. ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ‘துரை’ என்ற சொல் மூன்று தலைமுறை கைமாறியதில் ‘பிரபு’ என்று மாறிவிட்டது, அவ்வளவுதான். ‘கண்டக்டர்’ என்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். எஸ்டேட்டில் அது களப்பணியை மேற்பார்வை செய்பவரைக் குறிக்கும். ஆனால் அக்காலப் படை ஆவணங்களில் அதே சொல் தளவாடத்துறையிலும் உணவு வழங்கல் துறையிலும் இருந்த ஒரு பதவியின் பெயர். எந்தக் கண்டக்டர் என்பது தெரிந்தால்தான் எந்த ஏட்டைப் புரட்டுவது என்பதும் தெரியும்.

இனி பைபிளை எடுத்துக்கொள்வோம். நீங்கள் முதல் தாளைப் பார்த்திருக்கிறீர்கள். அச்சிட்ட ஆண்டு இருக்கும் தலைப்புப் பக்கத்தையும் பாருங்கள். பைபிள் 1885-இல் அச்சானதாக இருந்து, முதல் பிள்ளையின் பிறந்த தேதி 1874 என்று இருந்தால், அந்தத் தேதி பிறந்த அன்று எழுதப்பட்டதல்ல, பிற்பாடு நினைவிலிருந்து எழுதப்பட்டது என்றாகிறது. நான்கு பிறப்புகளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் இருந்தாலும் அப்படியே கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் வேறு வேறு மையில், பேனாவின் தேய்மானம் மாறி மாறி இருந்தால், அவ்வப்போது எழுதியது என்று நம்பலாம். நினைவிலிருந்து எழுதியவற்றில் நாளும் மாதமும் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆண்டுதான் ஒன்றிரண்டு வழுக்கும் என்பது என் அனுபவம்.

அடுத்த படி இங்கிலாந்தில் இல்லை, உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அந்தக் குழந்தைகளின் ஞானஸ்நானம், அவருடைய திருமணம், அடக்கம் ஆகியவை குன்னூரிலோ வெல்லிங்டனிலோ ஒரு தேவாலயத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆயரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக்கொண்டு செல்லுங்கள். ஏட்டை அவர்கள் தர இயலாவிட்டாலும் வழி அடைபட்டுவிடாது. மதராஸ் மாகாணத்துக் குருமார்கள் தங்கள் பதிவுகளின் நகலை அனுப்பும் வழக்கம் இருந்ததால், 1698 முதல் 1947 வரையிலான மதராஸ் பதிவுகள் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், என்/2 என்ற வரிசையில் உள்ளன. இவற்றின் படிமங்களை ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டண இணையதளத்தில் பார்க்கலாம். ஃபிபிஸ் என்று சுருக்கமாக வழங்கும், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கத்தின் தளத்தில் பெயர்ப்பட்டியலைக் கட்டணமின்றித் தேடலாம். தேடும்போது ஊர்ப்பெயரின் பழைய எழுத்துகளை மறக்க வேண்டாம். வெல்லிங்டனுக்கு முந்தைய பெயர் ஜக்கதலா. பக்கத்துப் படகர் ஊரான ஜெகதளா வெள்ளைக்கார எழுத்தர் நாவில் அப்படி ஆயிற்று. உதகை ‘ஊட்டகமண்ட்’ என்றும் நீலகிரி ‘நீல்கெரி’ என்றும் எழுதப்பட்டிருக்கும். 1868-இல் தனி ஆணையரின் கீழ் வரும்வரை நீலகிரி கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது, இடையில் ஒரு பகுதி சில ஆண்டுகள் மலபாரோடும் இருந்தது என்பதால், அதற்கு முந்தைய நில ஆவணங்களைத் தேடுவோர் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்த மாவட்டங்களின் கட்டுகளையும் கேட்க வேண்டும்.

திருமணப் பதிவில் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: அவருடைய தந்தையின் பெயர், அவருடைய அப்போதைய பதவி, சாட்சிக் கையெழுத்திட்டவர்கள் யார் என்பது. தந்தை பெயரே இங்கிலாந்துக்குப் போகும் கயிறு. சாட்சிகள் பெரும்பாலும் அதே படைப்பிரிவினராக இருப்பார்கள், ஆகவே எந்த ரெஜிமெண்ட் என்பது அவர்கள் மூலமும் பிடிபடும். மணமகள் இந்தியப் பெண்ணாக இருந்தால் ஞானஸ்நானப் பெயர் மட்டும் தனியாக நிற்கும். தகப்பன் பெயர் இருக்காது, ஊர் இருக்காது. இந்த ஏடுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் அது. சிப்பாயின் கண் நிறம் வரை எழுதி வைத்த அரசாங்கத்துக்கு அவர் மனைவி யார் மகள் என்று கேட்கத் தோன்றவில்லை.

கண் நிறம் என்றது பேச்சுக்காக அல்ல. பிரிட்டிஷ் படையில் பணி முடித்து ஓய்வூதியத்தோடு விலகிய சாதாரணச் சிப்பாய்களின் விடுவிப்புத் தாள்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூ.ஓ. 97 என்ற வரிசையில், 1760 முதல் 1913 வரை உள்ளன. அந்தத் தாளில் அவர் பிறந்த பாரிஷ், அதாவது எந்தத் தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட ஊர் என்பது, சேரும்போது வயது, முன்பு பார்த்த தொழில், உயரம், முகநிறம், கண், முடி, உடலில் உள்ள வடுக்கள், எந்த நாடுகளில் எத்தனை ஆண்டு, ஏன் விலகினார், விலகிய பின் எங்கே வசிக்க எண்ணுகிறார் என்பது வரை இருக்கும். வசிக்கும் இடம் என்ற கட்டத்தில் ‘குன்னூர்’ என்று இருந்தால் அவர் உங்களவர் என்பதில் பெரிய சந்தேகம் வேண்டாம். ஓர் இடைஞ்சல் உண்டு. 1883-க்கு முன்பு ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களுக்கும், பணியிலிருக்கும்போதே இறந்தவர்களுக்கும் இந்த வரிசையில் பொதுவாகத் தாள் இருக்காது. அப்படியானால் ரெஜிமெண்ட்டின் சம்பளப் பட்டியல்களைத்தான் பார்க்க வேண்டும். அவர் 1850-களிலேயே வந்தவர் என்று தெரிய வந்தால் இன்னொரு கேள்வி எழும்: ராணியின் படையா, கம்பெனியின் படையா? கிழக்கிந்தியக் கம்பெனி தனக்கென்று ஐரோப்பியப் படைப்பிரிவுகளை வைத்திருந்தது. அவை 1861 வாக்கில் அரசியின் படையோடு சேர்க்கப்பட்டன. மதராஸ் ஃப்யூசிலியர்ஸ் 102-ஆம் படைப்பிரிவானது அப்படித்தான். கம்பெனிச் சிப்பாய்களின் ஏடுகள் கியூவில் அல்ல, மேலே சொன்ன இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன.

பிறந்த பாரிஷ் கையில் வந்த பிறகுதான் இங்கிலாந்துக்குள் நுழைய வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயரைத் தளத்தில் தட்டி, வந்த முதல் ஆளைத் தாத்தாவாக்கிக் கொள்கிறார்கள். அந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு கோத்தகிரிக் குடும்பம் ஒன்றுக்காகத் தேடியபோது, பெயரும் பிறந்த ஆண்டும் பொருந்திய ஒருவரைப் பிடித்து, அவருடைய அப்பா, பாட்டன் என்று நான்கு தலைமுறை வம்சாவளியை அழகாக வரைந்து கொடுத்துவிட்டேன். அவர்கள் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். மூன்று மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது 1871-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் அதே மனிதர் தம் சொந்த ஊரில் மனைவி, ஐந்து குழந்தைகளோடு கொல்லுப்பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். கோத்தகிரித் தாத்தா அதே ஆண்டில் இங்கே கல்யாணம் செய்துகொண்டிருந்தார். சட்டத்தைக் கழற்றும்படி சொல்ல நான் பட்ட வெட்கம் எனக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து ஒருவரைக் கண்டுபிடித்தவுடன், அவர் நம்மவர் அல்ல என்று நிரூபிக்க முயல்வதை வழக்கமாக்கிக் கொண்டேன். குழந்தையிலேயே இறந்துவிட்டாரா, பிந்தைய கணக்கெடுப்பில் அங்கேயே இருக்கிறாரா என்று பார்ப்பேன். இரண்டும் இல்லை என்றால்தான் மேலே போவேன்.

உங்கள் டக்கருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். அடக்கப் பதிவில் வயது 41 என்று இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அவர் 1848-ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கிவிட்டது. தலைமைப் பதிவு அலுவலகத்தின் இணையப் பட்டியலில் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் உண்டு என்பதால், ஒரே பெயருள்ள குழந்தைகளைப் பிரித்தறிவது இப்போது முன்னைவிட எளிது. ஆனால் 1875 வரை பதிவு செய்யாத பெற்றோருக்குத் தண்டனை என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால் சில பிறப்புகள் விடுபட்டிருக்கும். அங்கே இல்லை என்பதற்காகப் பிறக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பட்டாளத்தில் சேர்ந்தவர் வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருக்கலாம் என்பதால், இரண்டு பக்கமும் மூன்று ஆண்டு தள்ளித் தேடுங்கள். பிறகு 1851, 1861 கணக்கெடுப்புகள். 1841-இல் பிறந்த ஊர் எழுதப்படவில்லை, அதே மாவட்டமா இல்லையா என்பது மட்டுமே. பெரியவர்களின் வயதையும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 1851 முதல்தான் பிறந்த பாரிஷின் பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, என்ன தொழில் என்பதெல்லாம் வரும். பதின்மூன்று வயதுப் பையன் சொந்த வீட்டில் இல்லாமல் பக்கத்துப் பண்ணையில் வேலையாளாகக் கணக்கில் வந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். அது அக்காலக் கூலிக்காரக் குடும்பங்களின் நடைமுறை. அந்தப் பையன் பட்டாளத்துக்கு ஏன் போனான் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் வேறு எந்த ஏட்டிலும் கிடைக்காது.

1837-க்கு முந்தைய தலைமுறைகளுக்குத் தேவாலய ஏடுகளே கதி. அவை 1538-இல் தொடங்கின, எல்லா ஊரிலும் அன்றிலிருந்து மிஞ்சவில்லை. 1813 முதல் அச்சடித்த படிவம் வந்ததால் ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் கிடைக்கும். 1752-க்கு முன்பு அங்கே ஆண்டுப் பிறப்பு மார்ச் 25 என்பதால், 1740 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் இன்றைய கணக்கில் அது 1741.

இனி பெயருக்கு வருவோம். டக்கர் ஒரு தொழிற்பெயர். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடும் தளர்ந்த இழையோடும் இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நம் வண்ணார்கள் உவர்மண் பயன்படுத்தியது போல ஒரு வகைக் களிமண்ணையும், புளித்த சிறுநீரையும் சேர்த்து, நீர்விட்டுக் காலால் மிதிப்பார்கள். பிசுக்குப் போய், இழைகள் ஒன்றோடொன்று பின்னி, துணி சுருங்கித் தடிக்கும். பிறகு மரச்சட்டத்துக் கொக்கிகளில் மாட்டி, விறைப்பாக இழுத்துக் காய வைப்பார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து மிதிக்கும் வேலையைத் தண்ணீரால் ஓடும் மரச்சம்மட்டிகள் எடுத்துக்கொண்டன. இந்த ஒரே தொழிலைச் செய்தவருக்கு இங்கிலாந்தின் தென்மேற்கில் டக்கர் என்றும், தென்கிழக்கில் ஃபுல்லர் என்றும், வடக்கில், மிதிப்பதால், வாக்கர் என்றும் பெயர். ஆகவே ஒரு குடும்பத்தின் பெயர் டக்கர் என்றால், அந்தப் பெயரை முதலில் சுமந்தவர் டெவன், சாமர்செட், கார்ன்வால் பக்கத்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். டெவனின் தலைநகரான எக்ஸிடரில் நெசவாளர், துணி மிதிப்போர் சங்கத்துக்காக 1471-இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது.

இந்த வாய்ப்பைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களில் பெயர் தந்தையிடமிருந்து பிள்ளைக்குப் போகும் நிலை 1400 வாக்கில் உறுதிப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த டக்கர் கொல்லராகவோ, மீனவராகவோ, சிப்பாயாகவோ இருக்கலாம். உங்கள் தாத்தா கம்பளி மிதித்தவர் அல்ல. அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக முந்தைய யாரோ ஒருவர் மிதித்தார். ஊருக்கு ஊர் துணி மிதித்தவர்கள் இருந்ததால், டக்கர்கள் எல்லோரும் ஒரே குடும்பமும் அல்ல. எழுத்தும் நிலையானதல்ல. சொந்தப் பெயரை எழுதத் தெரியாதவர் சொன்னதை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். டூக்கர் என்று ஏட்டில் கண்டால் அது வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். டபிள்யூ.ஓ. 97 தாளில் டெவன் பாரிஷ் ஒன்றின் பெயர் இருந்தால் பெயரும் ஊரும் ஒன்றையொன்று தாங்கும். யார்க்ஷயர் என்று இருந்தால் தாளையே நம்புங்கள், பெயரை அல்ல.

கேள்வி: உதகையில் உள்ள பழைய கல்லறைகளில் பாசி படிந்து எழுத்துகள் தெரியவில்லை. சுண்ணக்கட்டியால் தேய்த்தால் தெரியும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: வேண்டாம். சுண்ணக்கட்டி, கம்பிப் பிரஷ், அமிலம் எதுவும் கல்லில் படக் கூடாது. நம் மலைப் பனியிலும் மழையிலும் கல்லின் மேல்தோல் ஏற்கெனவே இளகியிருக்கும். நீங்கள் சுரண்டுவது பாசியை மட்டுமல்ல, எழுத்தின் விளிம்பையும்தான். மாலை நான்கு மணிக்கு மேல் போய், வெயில் பக்கவாட்டில் விழும்படி நின்று பாருங்கள். மேகமூட்டமாக இருந்தால் ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் வெறும் கல்லாகத் தெரிவது, பக்கத்திலிருந்து அடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்தாக எழும்பும். ஒரே இடத்தில் கேமராவை வைத்து, வெளிச்சத்தை மட்டும் நான்கு திசையிலும் மாற்றிப் படமெடுத்தால் ஒன்றில் இல்லாத எழுத்து இன்னொன்றில் கிடைக்கும். மூன்றையும் எட்டையும், ஒன்றையும் ஏழையும் மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள்.

கல் இல்லாததும் செய்திதான். உதகை செயின்ட் தாமஸ் தேவாலய வளாகத்தில் 1881-இல் இங்கே இறந்த மதராஸ் ஆளுநர் வில்லியம் பாட்ரிக் ஆடமின் நினைவுச்சின்னம் தொலைவிலிருந்தே கண்ணில் படுகிறது. அதே ஆண்டில் காய்ச்சலில் இறந்த சிப்பாய்க்குத் தோழர்கள் காசு போட்டால் ஒரு சிறு கல் இருந்திருக்கும், இல்லாவிட்டால் மண்மேடுதான். ஆனால் அடக்க ஏட்டில் இருவருக்கும் ஒரே அளவு வரிதான். ஆகவே கல்லைத் தேடி அலைவதற்கு முன் ஏட்டைப் பாருங்கள். ஜே.ஜே. காட்டன் என்ற அதிகாரி மதராஸ் மாகாணக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து 1905-இல் வெளியிட்டார். இன்று அழிந்துபோன சில வாசகங்கள் அதில் பிழைத்திருக்கின்றன. ஆனால் அவர் சேர்த்தது பெரும்பாலும் பெயர்பெற்றவர்களின் கற்களை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஜான்சன், வில்லியம்ஸ் என்ற பெயர்கள் வருகின்றன. ஓர் இணையதளம் பணம் வாங்கிக்கொண்டு ‘ஜான்சன் குடும்பச் சின்னம்’ ஒன்றை அனுப்பியது. எங்களுக்கு ஆங்கிலேய முன்னோர் உண்டா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: பெயரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கொடைக்கானலில் 1845-இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து தங்கியதிலிருந்து, இந்த மலைகளிலும் கீழே சமவெளியிலும் ஞானஸ்நானம் பெற்ற தமிழர்கள் மிஷனரியின் பெயரையோ, மதித்த ஒருவரின் பெயரையோ பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டது வழக்கம். அவர்களுக்கு ஜான்சன் என்பது இடப்பட்ட பெயர், குடும்பப்பெயர் அல்ல. ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். தகப்பன் பெயர் ஜான்சன், மகன் பெயர் ஜே. வில்லியம்ஸ், பேரன் பெயர் டபிள்யூ. சாமுவேல் என்று போனால் அது நம் இனிஷியல் முறை. தகப்பன், மகன், பேரன் மூவருக்கும் கடைசியில் ஜான்சன் என்றே நின்றால்தான் அது குடும்பப்பெயராக இருக்க வாய்ப்பு. இங்கிலாந்திலும் ஜான்சன் முதலில் நம் இனிஷியலைப் போலத்தான் இருந்தது. ஜானின் மகன் என்று பொருள்படும் அது, தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்து, பிறகு ஒரு கட்டத்தில் உறைந்துவிட்டது.

சின்னம் விஷயத்தில் நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் 1484 முதல் இயங்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அமைப்பு அத்தகைய சின்னத்தை ஒரு தனி மனிதருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் வழங்குகிறது, ஒரு பெயருக்கு அல்ல. ஜான்சன் என்ற பெயருள்ள எல்லோருக்கும் ஒரு சின்னம் என்பது, முருகன் என்று பெயர் வைத்தவர்கள் எல்லோரும் பழனிக் கோவிலில் பரம்பரை உரிமை கேட்பது போன்றது. உங்கள் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவை எடுத்துப் பாருங்கள். தந்தையின் பெயர், தொழில், ஊர் மூன்றும் அந்த வரியில் இருக்கும்.